ஆர்.டி.350 இரட்டை கார்புரேட்டர்: வீட்டிலேயே பிரித்து மாட்டுவதும், குன்னூர் உயரத்துக்கு ஜெட் குறைப்பதும்

குன்னூர்350:

வண்டி எஸ்கார்ட்ஸ் காலத்து ராஜ்தூத் ஆர்.டி.350, எல்.டி. (லோ டார்க்) மாடல். ரெண்டும் மிக்குனி வி.எம்.28 கார்ப். பல வருஷம் ஷெட்டில் நின்னது. இப்போதைய நிலை:

சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, எடுத்தா நின்னுடுது. ஐடிலிங்கில் இடது சிலிண்டர் வேலை செய்யல, ரேஸ் கொடுத்தா ரெண்டும் சேர்ந்துக்குது. வலது கார்ப் சும்மா நிக்கும்போதே ஓவர்ஃப்ளோ. கப்புக்குள்ள (கார்ப் அடியில் பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) பிசின் மாதிரி ஒரு படிவு, ஓரமா வெள்ளைப் பொடி.

டேங்க் கழுவியாச்சு. பாயிண்ட் கேப் 0.35 மி.மீ. பிளக் என்.ஜி.கே. பி8ஹெச்எஸ் புதுசு, ரெண்டிலும் பொறி சரியா வருது.

கேட்க வேண்டியது மூணு. கடையில் கிடைக்கிற ரிப்பேர் கிட் முழுசையும் மாத்திடலாமா? ரெண்டு கார்பையும் கேஜ் இல்லாம ஒண்ணா எப்படிச் சேர்க்கிறது? இங்க பட்டறையில் எல்லாரும் “மலைக்கு மெயின் ஜெட் ரெண்டு சைஸ் குறைச்சுடு” என்கிறாங்க (ஜெட்னா பெட்ரோல் போற அளவான துளை உள்ள பித்தளைத் திருகு), செய்யலாமா?

---

லேத்துக்காரர்:

பாயிண்ட், பிளக் முதலில் பார்த்தது நல்லது. கார்ப் பழுது என்று வரும் வண்டிகளில் நிறைய கடைசியில் கண்டென்சரில் போய் முடியும்.

நீங்கள் சொன்ன அடையாளங்களுக்கு இடதில் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஜெட்) அல்லது அதன் பாதை அடைப்பு, வலதில் ஃப்ளோட் (கப்பில் மிதந்து, நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்துவது) பக்கம் கோளாறு. இரண்டும் சுத்தம் செய்து தீர்க்கும் வேலை. மூன்றாவது கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அடைப்பும் காற்றுக் கசிவும் உள்ள கார்பில் ஜெட் மாற்றினால் எது எதனால் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில் இடம். குன்னூரில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டரோ கரி அடுப்போ வைத்திருக்கும் அறையில் இந்த வேலை கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவி அடுப்பைத் தேடிப் போகும். வாசலில், பகலில் செய்யுங்கள்.

இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடது சாமான் இடதில், வலது சாமான் வலதில். ஸ்லைடு (ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் அடைப்பான்) அதனதன் துளையோடு தேய்ந்து பழகியது, மாற்றிப் போட்டால் ஒன்று இறுகும், ஒன்று ஆடும். பிரிப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை: மெயின் ஜெட், பைலட் ஜெட் எண், நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) மேல் குத்திய எழுத்து, கிளிப் மேலிருந்து எத்தனையாவது காடியில் இருக்கிறது, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வெளியே. கடைசியதை அறிய, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டுச் சுற்று எண்ணுங்கள். முனை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் கூர்முனையில் வளையம் விழும், பாடியில் துளை அகலும். அதற்குப் பிறகு ஐடிலிங் செட்டிங் பிடிபடாது.

கப் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அடி வரை இறங்காது, திருப்பினால் மேலேறி தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனை வாங்குங்கள். அசையாவிட்டால் இரவு முழுக்க பெனட்ரேட்டிங் ஆயில் ஊறவிட்டு, காலையில் ஹேர் டிரையரால் பாடியைச் சூடாக்கி, ஸ்க்ரூடிரைவர் தலையில் சின்னச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டித் திருப்புங்கள். பாடி துத்தநாகம் கலந்த வார்ப்பு. வைஸில் நேராகப் பிடித்தால் நசுங்கும்.

---

லேத்துக்காரர்:

தொடர்ச்சி, சுத்தம் செய்வது.

எலுமிச்சை, புளி, வினிகர், பாத்ரூம் ஆசிட், காஸ்டிக் சோடா எதுவும் வேண்டாம். புளி பித்தளைக் குடத்துக்கு நல்லது. கார்ப் பாடியில் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். பளபளவென்று வெளியே வரும், உள்ளே பாதைகள் சொரசொரத்துப் போயிருக்கும். வெள்ளைப் பொடி என்று நீங்கள் சொல்வதே ஈரம் தின்ற அரிப்புதான். அதை நைலான் பிரஷால் எடுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம்.

ரப்பர், ஃப்ளோட், கேஸ்கட், பிளாஸ்டிக் எல்லாம் கழற்றிய பிறகே கார்ப் கிளீனர் ஸ்பிரே. பிசின் கெட்டியாக இருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டி நல்ல வழி. நகைக்கடை, கண்ணாடிக்கடைகளில் வைத்திருப்பார்கள். 50 முதல் 60 டிகிரி வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, பத்துப் பத்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை. எடுத்த உடனே கம்ப்ரசர் காற்றில் எல்லாத் துளையும் ஊதிக் காயவைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே நின்றால் அதே வெள்ளைப் பொடி திரும்ப வரும்.

பைலட் ஜெட்டில் குண்டூசி, கிட்டார் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் எண் பொய்யாகிவிடும். 0.75 சதுர மி.மீ. ஃப்ளெக்சிபிள் வயரை உரித்தால் ஒவ்வொரு செம்பு இழையும் 0.2 மி.மீ. இருக்கும். அந்த ஓர் இழை போதும், செம்பு பித்தளையைக் கீறாது. 1 சதுர மி.மீ. வீட்டு வயரின் இழை பொதுவாக 0.3, அது இந்த வேலைக்குத் தடிமன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் மங்கலாக இருந்தால் இன்னும் படிவு இருக்கிறது.

ஜெட் சுத்தமாகியும் ஐடிலிங் வராமல் போவதற்குக் காரணம் பாடிக்குள் உள்ள பாதை. சோதிக்க: ஏர் ஸ்க்ரூ, பைலட் ஜெட் இரண்டையும் எடுத்துவிட்டு, ஜெட் துளையில் ஸ்பிரே குழாயை வைத்து அடியுங்கள். ஏர் ஸ்க்ரூ துளையில் வர வேண்டும். என்ஜின் பக்கத் துளைக்குள், ஸ்லைடுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துளை, ஸ்லைடு விளிம்புக்கு அடியில் இன்னொன்று, இரண்டிலும் வர வேண்டும். வாய்ப் பக்கம் காற்று நுழையும் துளையிலும் வர வேண்டும். மற்றதை விரலால் அடைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எந்தத் துளை உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது.

---

கொடை_யெஸ்டி:

ஸ்லைடு விளிம்புக்கு அடியில் இருக்கிற அந்தத் துளையைத்தான் பாதிப் பேர் மறந்துடுறாங்க. அது அடைஞ்சிருந்தா ஐடிலிங் நிக்கும், ஆனா ஆக்சிலேட்டரை லேசா திறந்த உடனே ஒரு வினாடி முக்கிட்டு அப்புறம் ஓடும்.

---

ஜெட்90:

கிட் பற்றி. மொத்தமா மாத்தாதீங்க. கிட்டில் எடுத்துக்க வேண்டியது கப் கேஸ்கட், ஓ ரிங், ஃப்ளோட் நீடிலும் அதன் சீட்டும். ஜெட்டும் நீடிலும் அதில் வர்றது எண் ஒண்ணு குத்தியிருக்கும், ஓட்டம் வேற இருக்கும். ஒரிஜினல் மிக்குனி பித்தளையைச் சுத்தம் பண்ணித் திரும்பப் போடுறது மேல். எல்.டி.க்கு எச்.டி. (ஹை டார்க் மாடல்) ஜெட் பட்டியலைப் பார்த்துப் போடுறதும் வேண்டாம், சைலன்சர் வேற.

இன்னொண்ணு: ஒரே எண் போட்டிருந்தாலும் வட்டத்தலை ஜெட்டும் ஆறுமூலைத்தலை ஜெட்டும் ஒரே அளவு பெட்ரோல் விடாது. எந்த வகை இருக்கோ அதே வகையில் வாங்குங்க.

மாத்தித்தான் ஆகணும்னா அது நீடிலும் நீடில் ஜெட்டும், தேஞ்சிருந்தா மட்டும். நீடிலை விரல் நகத்தால் வருடிப் பாருங்க, படி மாதிரி தட்டுப்பட்டா போச்சு. கால் ஆக்சிலேட்டரிலிருந்து பாதி வரை புகையும் கும்மலுமா இருந்து, கிளிப்பை மேல் காடிக்கு மாத்தியும் சரியாகலைன்னா நீடில் ஜெட் துளை முட்டை வடிவம் ஆயிருக்கும். ரெண்டையும் ஜோடியா மாத்தணும்.

வலது ஓவர்ஃப்ளோவுக்கு: ஃப்ளோட் நீடிலோட ரப்பர் முனையில் வட்டத் தழும்பு இருந்தா தூக்கிப் போடுங்க. சீட் உள்ள பித்தளையை காது குடையும் பஞ்சில் பிராசோ பாலிஷ் தொட்டு இருபது சுற்று சுத்திட்டு, மிச்சமில்லாம கழுவுங்க. அப்புறம் கார்பைத் தலைகீழா பிடிச்சு, பெட்ரோல் வர்ற குழாயில் சுத்தமான டியூப் மாட்டி வாயால் லேசா ஊதுங்க. ஃப்ளோட் தன் எடையில் மூடியிருக்கும்போது காற்று போகக் கூடாது, விரலால் ஃப்ளோட்டைத் தூக்கினா போகணும்.

அதெல்லாம் சரியாயிருந்தும் சொட்டினா கப்பைப் பாருங்க. கப்பு நடுவுல ஒரு பித்தளைக் குழாய் நின்னா, அதுதான் ஓவர்ஃப்ளோ குழாய். அது நெடுக விரிசல் விடும், அடியில் தளரும். கப்பில் குழாய் உச்சிக்கு அரை அங்குலம் கீழ வரை பெட்ரோல் ஊத்தி ஒரு பேப்பர் மேல வெச்சுட்டுப் போங்க. பேப்பர் நனைஞ்சா ஃப்ளோட்டைத் திருத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

---

குன்னூர்350:

அப்படியே பார்த்தேன் அண்ணா. வலது கப்பில் குழாய் நல்லா இருக்கு, நீடில் முனையில் தழும்பு தெளிவா தெரியுது. இடதுல பைலட் ஜெட் முழு அடைப்பு. கப் கேஸ்கட் ரெண்டும் எடுத்த உடனே பெருத்துப் போய் காடியில் உட்காரவே மாட்டேங்குது.

ஃப்ளோட் உயரத்துக்கு மேனுவல் அளவு கையில் இல்லாம எப்படி வெக்கிறது?

---

லேத்துக்காரர்:

கேஸ்கட் பெருப்பது எத்தனாலால். வெயிலில், இல்லையென்றால் அறையிலேயே ஓரிரு நாள் காயவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பும். ஆனால் புதிதாக வாங்கும்போது ஓ ரிங் எல்லாம் விட்டான் ரப்பரில் கேளுங்கள், சாதாரண நைட்ரைலைவிட எத்தனாலுக்குத் தாங்கும்.

ஃப்ளோட் உயரம்: அந்தந்த மாடல் மேனுவல் அளவே சரி, கிடைக்கும் வரை இப்படிச் செய்யலாம். கேஸ்கட்டை எடுத்துவிட்டுத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் கை (ஃப்ளோட்டைத் தாங்கும் தகடு) பாடியின் கப் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். சரிசெய்ய நீடிலைத் தொடும் சின்ன நாக்கை மட்டும் வளையுங்கள், ஃப்ளோட் கை இரண்டையும் வளைக்காதீர்கள். பிறகு இரண்டு கார்பும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைஸ் தாடையில் மரத்துண்டு வைத்து, வண்டியில் நிற்கும் சாய்விலேயே நிறுத்தி, பெட்ரோல் விட்டு நிரம்பியதும் டேப்பை மூடி, கப்பைச் சிந்தாமல் இறக்கி, உள்ளிருப்பதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளவு பாருங்கள். இரண்டுக்கும் ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நாக்கைத் திருத்துங்கள். இரட்டை கார்ப் வண்டியில் அளவின் துல்லியத்தைவிட இரண்டும் சமமாக இருப்பது பெரிது.

பெட்ரோல் விட டேங்க் மாட்ட வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் வெட்டிய பாட்டில் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். கண்ணாடி பாட்டில், அடியில் டேப் உள்ள சின்ன டப்பா, எதுவானாலும் சரி. மருத்துவமனை டிரிப் செட் குழாய் பெட்ரோலில் இறுகிவிடும், ஒருநாள் வேலைக்கு மட்டும்.

---

ஜெட்90:

ரெண்டையும் ஒண்ணா சேர்க்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு வேக்கம் கேஜ் தேவையில்ல, ஸ்லைடு உயரம் பார்த்தா போதும்.

முதல்ல கேபிள். ஹேண்டிலை முழுசா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, எங்கயாவது இழுத்தா மேலே எத்தனை சரி செய்தாலும் வீண். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றினா கார்ப் வாய் தெரியும். ஐடிலிங் ஸ்க்ரூ ரெண்டையும் ஸ்லைடைத் தொடாத அளவு வெளியே எடுத்து ஸ்லைடை முழுசா இறங்க விடுங்க. ஆக்சிலேட்டரை மெல்லத் திறந்து ரெண்டும் ஒரே நேரத்தில் கிளம்புதான்னு விரலை வெச்சு உணருங்க. சந்தேகமா இருந்தா 6 மி.மீ. டிரில் பிட் பின்பக்கத்தை ரெண்டு ஸ்லைடுக்கு அடியிலும் வெச்சு, ஆக்சிலேட்டரைத் திறக்க ஆரம்பிங்க. ரெண்டு பிட்டும் ஒரே நொடியில் விழணும். முன்னாடி விழுறது எதுவோ அந்தக் கார்பின் மேல் மூடியில் இருக்கிற அட்ஜஸ்டரை உள்ளே விடுங்க. கேபிளில் ஒரு மி.மீ. தளர்வு கடைசியில் இருக்கணும்.

அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூ. 1.5 மி.மீ. பிட் ஸ்லைடுக்கு அடியில் சும்மா நுழையுற அளவு ரெண்டையும் சமமா வையுங்க. ஏர் ஸ்க்ரூ ரெண்டும் ஒன்றரைச் சுற்று வெளியே. இது தொடக்கம், முடிவில்ல.

ஸ்டார்ட் பண்ணி அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி என்ஜின் சூடானதும்: ஒரு பக்கம் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றா திருப்பி, ஐடிலிங் எங்க அதிகமா ஏறுதோ அங்க விடுங்க. மறுபக்கமும் அப்படியே. ஏறின வேகத்தை ஐடிலிங் ஸ்க்ரூவில் ரெண்டு பக்கமும் சமமா குறைச்சு 1,300 சுற்றுக்குக் கொண்டு வாங்க. உள்ளங்கையை ரெண்டு சைலன்சர் வாய்க்கு நேரா நீட்டினா அடி ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு பலமா அடிச்சா அந்தப் பக்க ஸ்லைடு உயரம்.

வி.எம். கார்பில் அது காற்று ஸ்க்ரூ. உள்ளே விட்டா ரிச் (கலவையில் பெட்ரோல் அதிகம்), வெளியே எடுத்தா லீன் (பெட்ரோல் குறைவு). வேற கார்ப் வண்டி வெச்சிருக்கிறவங்க உங்களுது காற்றை அடைக்குதா பெட்ரோலை அடைக்குதான்னு பார்த்துக்குங்க, அர்த்தம் தலைகீழா மாறும்.

ஆர்.டி.யில் அதே ஆக்சிலேட்டர் கேபிள் ஆயில் பம்புக்கும் போகுது. கார்ப் பக்கம் தளர்வை மாத்தினா பம்ப் புல்லியின் குறி நகர்ந்திருக்கும், கடைசியா அதைப் பார்க்காம வண்டியை வெளியே எடுக்காதீங்க. ஆயில் குழாயைக் கழற்றியிருந்தா காற்று வெளியேறுற வரை டேங்கில் லிட்டருக்கு 30 மில்லி டூ-டி ஆயில் கலந்து ஓட்டுங்க.

---

கோத்தகிரி_புல்லட்:

எல்லாம் சரி. ஆனா மூணாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. மலையில் காற்று கம்மி, பெட்ரோல் அதே அளவு வருது, வண்டி ரிச்சா ஓடுது. ஊட்டிப் பக்கம் ஓடுற எல்லா பழைய புல்லட்டுக்கும் ரெண்டு சைஸ் குறைச்சுத்தான் வெச்சிருக்காங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?

---

லேத்துக்காரர்:

யோசிக்க நிறைய இருக்கிறது. கணக்காகவே பார்ப்போம்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு. அதற்காகக் கலவை 20 சதவீதம் ரிச் ஆகிவிடாது. காற்று லேசானால் வென்சுரியில் (கார்பின் குறுகிய காற்றுப் பாதை) உறிஞ்சும் விசையும் குறைகிறது, பெட்ரோலும் கொஞ்சம் குறைத்தே வருகிறது. அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலம்தான் கணக்கு. ஊட்டியில் 11, 12 சதவீதம் ரிச். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அங்கே 9, 10 சதவீதம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவு, அங்கே ஒன்றரைதான்.

இது பழைய பெட்ரோலுக்கு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இ20க்கு சுமார் 13.5 போதும். அதாவது அதே ஜெட்டில் இ20 ஊற்றினால் கலவை சுமார் 8 சதவீதம் லீன் ஆகிறது.

இப்போது இரண்டையும் சேருங்கள். 1980களின் பெட்ரோலுக்குப் போட்ட கம்பெனி ஜெட், குன்னூரில், இ20 பெட்ரோலில்: ஒன்பது பத்து ரிச், எட்டு லீன். கிட்டத்தட்ட சமம். ஊட்டியில் மூன்று நான்கு சதவீதம் ரிச், அது காதுக்குக்கூடத் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் அதே ஜெட் ஆறு ஏழு சதவீதம் லீன்.

ரெண்டு சைஸ் குறைத்து வைத்தால் குன்னூரிலேயே லீன். அதே வண்டி கீழே இறங்கி கோவை ரோட்டில் நேராக 90இல் போனால் இன்னும் லீன். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், சூடாகி முனகும், பிழைத்துக்கொள்ளும். காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையில் இழுவை குறைவது ஜெட்டால் மட்டும் அல்ல. ஊட்டியில் உள்ளே போகும் காற்றே 20 சதவீதம் குறைவு, அந்த அளவு சக்தி போனது போனதுதான். அதைத் திரும்ப வாங்க ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போவதால் வரும் வினைதான் அதிகம்.

---

கோத்தகிரி_புல்லட்:

எத்தனால் கணக்கு ஒத்துக்கிறேன். பங்குல இ20 வர்றதுக்கு முன்னாடி செட் பண்ணின வண்டிகள் அப்படியே ஓடிட்டிருக்கு, அதைப் பார்த்து எல்லாரும் சொல்றாங்க போல. ஆனா ஐடிலிங்கில் மலை வித்தியாசம் தெளிவா தெரியும், அதுக்கு என்ன சொல்றீங்க?

---

ஜெட்90:

அது சரியான கேள்வி. பைலட் பக்கம் காட்டும், ஏர் ஸ்க்ரூவே சொல்லிடும். சூடான என்ஜினில் சரியான இடம் ஒண்ணுக்கும் ரெண்டரைக்கும் நடுவில் வந்தா ஜெட்டைத் தொடாதீங்க. மூணு சுற்று வெளியே எடுத்தும் இன்னும் வேகம் ஏறிட்டே இருந்தா பைலட் ஒரு படி சின்னது போடுங்க, 25 இருந்தா 22.5. முக்கால் சுற்றுக்குள்ள வந்துட்டா ஒரு படி பெரிசு. ஊட்டியில் இருக்கிற வண்டிக்கு சில சமயம் அந்த ஒரு படி தேவைப்படும்.

நடு ஆக்சிலேட்டர் ரிச்சா தெரிஞ்சா நீடில் கிளிப் ஒரு காடி மேலே. மேல் காடி லீன், கீழ் காடி ரிச். காசு செலவில்லாத மாற்றம், கீழ இறங்குறதுக்கு முன்னாடி திருப்பிக்கலாம்.

மெயின் ஜெட் முக்கால் ஆக்சிலேட்டருக்கு மேலதான் பேசும். குன்னூர் ரோட்டில் முக்காலுக்கு மேல திறக்கிற இடம் எத்தனை?

---

மேட்டுப்பாளையத்தான்:

கீழ இருந்து ஒரு வார்த்தைங்க. மேல செட் பண்ணி இறக்கிட்டு வர்ற டூ ஸ்ட்ரோக் வண்டிக கல்லாறு தாண்டினதும் பிஸ்டன் பிடிச்சு வர்றது புதுசில்லீங்க. லீன் ஜெட் ஒரு காரணம். இன்னொரு காரணம் இறக்கத்துல ஆக்சிலேட்டரை முழுசா மூடிட்டு ரெண்டாவது கியர்ல என்ஜினைச் சுத்த விடறது.

---

கொடை_யெஸ்டி:

அதேதான் இந்தப் பக்கமும். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்குறதுன்னா 1,700, 1,800 மீட்டர் இறக்கம். யெஸ்டிக்கு ஆயில் பெட்ரோலோடதான் போகுது. ஆக்சிலேட்டர் மூடியிருந்தா பெட்ரோல் இல்ல, பெட்ரோல் இல்லைன்னா ஆயிலும் இல்ல, ஆனா என்ஜின் மூவாயிரம் சுற்று சுத்திட்டிருக்கு. கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவுல அப்பப்போ கிளட்ச் பிடிச்சு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு கொடுத்து விடணும், பிரேக்கை அதிகம் நம்பணும். நியூட்ரலில் இறங்குறது மட்டும் கூடாது.

ஆர்.டி.யில் தனி பம்ப் இருந்தாலும் அது ஆக்சிலேட்டர் கேபிளோட கட்டினது, மூடினா அதுவும் குறைஞ்ச அளவுக்குப் போயிடும். அதனால உங்களுக்கும் இதே விதி.

---

குன்னூர்350:

ஸ்டாக் ஜெட்டிலேயே போட்டேன். ரெண்டு சிலிண்டரும் ஐடிலிங்கில் சேர்ந்து ஓடுது, ஓவர்ஃப்ளோ நின்னுடுச்சு. ஏர் ஸ்க்ரூ இடது ஒண்ணே முக்கால், வலது ரெண்டேகால். ஒரு குறை: ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்காம மேலயே நின்னு நிதானமா இறங்குது. எப்பவும் இல்ல, சூடான பிறகு.

---

லேத்துக்காரர்:

வேகம் மேலே நின்று இறங்கினால் எங்கோ திருட்டுக் காற்று. கார்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டை விரலால் வளைத்துப் பாருங்கள், வெளியே நன்றாக இருக்கும், மடித்தால் உள்ளே விரிசல் வாய் திறக்கும். இரண்டு கார்பையும் இணைக்கும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதையும் பாருங்கள். ஓடும்போது தண்ணீர் ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பிலும் லேசாக அடித்தால், கசியும் இடத்தில் சத்தம் மாறும். கார்ப் கிளீனரால் இதைச் செய்பவர்கள் உண்டு, சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் நான் சொல்ல மாட்டேன்.

சோக் பிளஞ்சரின் அடி ரப்பரையும் பாருங்கள். அது சரியாக உட்காராவிட்டால் காற்றோடு பெட்ரோலும் சேர்ந்து கசிந்து, ஒரு பக்க ஏர் ஸ்க்ரூ மட்டும் அதிகமாக வெளியே வர வைக்கும். உங்கள் வலது ரெண்டேகாலுக்கு அது காரணமாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து இன்னும் வேகம் நின்றால் கிராங்க் ஆயில் சீல். அது கார்ப் வேலை அல்ல.

---

கோத்தகிரி_புல்லட்:

ஆமல் மோனோபிளாக் போட்ட பழைய புல்லட்காரர்களுக்கும் இதே நோய். அங்க ரப்பர் கிடையாது, ஃப்ளாஞ்சை (கார்பை என்ஜினோட சேர்க்கிற தட்டை முகம்) நேரா ரெண்டு நட்டில் முறுக்கி முறுக்கி வளைச்சு வெச்சிருப்பாங்க. தடிமனான கண்ணாடி மேல 400 எமரி ஒட்டி, தண்ணீர் விட்டு, எட்டு வடிவத்தில் தேய்ச்சு, முகம் முழுக்க ஒரே நிறம் வர்ற வரைக்கும் எடுக்கணும். ஸ்டீல் ஸ்கேல் வெச்சா 0.05 மி.மீ. ஃபீலர் தகடு உள்ள போகக் கூடாது. மாட்டும்போது ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ரொம்ப வளைஞ்சதுன்னா ஸ்லைடும் அதனாலதான் பிடிக்கும், லேத்தில் கொடுத்து எடுக்கிறதே மேல்.

---

குன்னூர்350:

இடது மேனிஃபோல்ட் ரப்பர் மடிச்சா விரிசல் தெரியுது. வலது சோக் பிளஞ்சர் ரப்பரும் நடுவுல பள்ளம். ரெண்டும் சொல்லி வெச்சிருக்கேன். வர்ற வரைக்கும் வண்டி நிக்கணும், ரெண்டு வாரம் ஆகலாம். கார்பை இப்படியே பெட்ரோலோட விடலாமா?

---

ஜெட்90:

வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானா நிக்கிற வரை ஓட விட்டுட்டு, கப் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடிச்சுடுங்க. ஓடி நின்னாலும் மெயின் ஜெட்டுக்குக் கீழ ஒரு ஸ்பூன் நிக்கும், காயும்போது அதுதான் பிசின் ஆகுது. டேங்கை மட்டும் நிரப்பி வையுங்க. பாதி காலியா இருந்தா குன்னூர் பனிமூட்டத்தில் உள்ள ஈரம் வேர்க்கும்.

இ20 தண்ணீரை உறிஞ்சிக்கும், ஒரு அளவுக்கு மேல தாங்காம எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியா பிரிஞ்சு நிக்கும். குளிர் கூடக் கூட தாங்குற அளவு குறையும், அதனால டிசம்பர் ஜனவரி இரவுகளில் இது சீக்கிரம் நடக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டேப் வழியா ஒரு கண்ணாடி ஜாடியில் கால் லிட்டர் பிடிச்சு ராத்திரி வெளியே வெச்சுப் பாருங்க. காலையில் அடியில் தனிக் கோடு தெரிஞ்சா டேங்க் முழுக்க வடிக்கணும். அதை அப்படியே ஓட்டினா அந்தச் சொட்டு மெயின் ஜெட் வாயில் உட்கார்ந்துக்கும், ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் சட்டுன்னு செத்துப்போய், ஓரமா நிறுத்திக் கிக் அடிச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

---

கொடை_யெஸ்டி:

வடிச்ச பெட்ரோலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க, அது நேரா ஓடைக்குப் போகுது. சாமான் கழுவ வெச்சுக்கலாம். ரெண்டு வாரம் சும்மா இருக்கிற நேரத்தில் ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றி, மேல் நுனியில் பேப்பர் புனல் கட்டி லேசான எண்ணெய் சொட்டுச் சொட்டா விட்டு, கீழே வர்ற வரை தொங்க விடுங்க. கேபிள் இழுத்துப் பிடிச்சாலும் வேகம் மேல நின்னு இறங்குற அதே குறைதான் காட்டும். புது ரப்பர் மாட்டினதுக்கு அப்புறம் அந்தச் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது.